உப்பில் கிடந்த பதினான்கு கற்கள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கல்லில் கோடு போட்டுப் பழகிய கை இது. பேனாவை அழுத்தினால் காகிதம் கிழிகிறது. அழுத்தாவிட்டால் எழுத்தே விழுவதில்லை. எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அம்மானில் இருக்கும் நம் தமிழர்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்குத் தூத்துக்குடி போய் வந்த கதையை எழுதித் தரச் சொன்னார்கள். தட்டச்சு செய்யும் தம்பி பிழைகளைத் திருத்திக்கொள்வார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் கல் அறுத்துக்கொண்டிருந்தவன். பெயர் மாதப்பன். பதினாறு வருடமாக ஜோர்டானில், பாறைகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் அதே வேலையைச் செய்கிறேன். இங்கே பாலைவனத்துக்கு அடியில் எண்ணெய்ப் பாறை இருப்பது உங்களுக்குத் தெரியும். பார்த்தால் பழுப்பு நிறச் சிலேட்டு. நல்ல துண்டாக இருந்தால் தீக்குச்சி காட்டியதும் புகைந்து எரியும். அந்தப் பாறையைச் சூடாக்கினால் எண்ணெய் உண்டாகிறது. ஆனால் உண்டான எண்ணெய் கல்லைவிட்டு வெளியே வர வழி வேண்டுமே! கண்ணுக்குத் தெரியாத துளைகள்தான் வழி. அவை எவ்வளவு அகலம், ஒன்றோடொன்று சேர்கின்றனவா, பாதியில் முட்டி நிற்கின்றனவா, எவ்வளவு கோணல் என்று கண்டுபிடிப்பது படித்தவர்கள் வேலை. அவர்கள் கேட்கும் அளவில் கல்லை வெட்டித் தருவது என் வேலை.

முன்பு எங்கள் கூடத்தில் இருந்த கோமதி மேடம், ஊர் திரும்பி, தூத்துக்குடியிலிருந்து சாயர்புரம் போகிற சாலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார். துளைகளை அளக்கும் நல்ல கருவி அவரிடம் இருக்கிறது. எங்கள் முதலாளி அபூ காலித் மூன்று பெட்டி கற்களை அவருக்குக் கப்பலில் அனுப்பினார். பின்னாலேயே என்னை விமானத்தில் அனுப்பினார். படித்த பையன்கள் முகம் சுளித்தார்கள். "கல்லைத் தெரிந்தவன் போகட்டும்" என்று அவர் அரபியில் சொன்னது என் காதில் விழுந்தது. பதினாறு வருடத்தில் என்னைப் பற்றி அவர் சொன்ன மிக நீளமான பாராட்டு அதுதான்.

மூன்றாவது பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதில் பதினான்கு கற்கள். ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. அவை கிடைத்த ஆழ்துளையை சிமென்ட் ஊற்றி மூடியாகிவிட்டது. இனி ஒரு துண்டு கேட்டாலும் கிடைக்காது. மற்ற இரண்டு பெட்டிக் கற்களையும் மெழுகில் முக்கி எடுத்திருந்தேன். இந்தப் பதினான்கை மட்டும் துணியிலும் காகிதத்திலும்தான் சுற்றியிருந்தேன். மெழுகும் எண்ணெயின் உறவுதானே. உள்ளே இறங்கிவிட்டால் எது கல்லுடையது, எது மெழுகு என்று பிரிக்க முடியாது.

துறைமுகத்திலிருந்து பெட்டிகளை எடுத்து வைத்திருந்த கிடங்குக்காரரிடம் ஒருமுறை போன் பேசச் சொன்னார்கள். போன் என்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எடுத்தவர் குரல் பெரிதாக இருந்தது. "ஈரம் மட்டும் படக் கூடாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

போய் இறங்கிய அன்று ஐப்பசி மழை. விமான நிலையத்திலிருந்து வந்த ஆட்டோவில் ஒரு பக்கத் திரை இல்லை. நானும் பையும் ஒரு பக்கம் மட்டும் நனைந்தோம். வழியெல்லாம் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்த உப்பின்மேல் பனையோலை போர்த்தியிருந்தார்கள். ஆட்டோக்காரர் என்னை "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அம்மானில் என் பெயரைச் சொல்ல வாய் வராமல் "மாது" என்பார்கள். திடீரென்று எனக்கு வயதும் மரியாதையும் ஒரே நாளில் கூடியது போல இருந்தது.

கிடங்கு, துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கிடங்குக்காரர் மிக்கேல் பெர்னாந்துக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கறுத்த, அகலமான ஆள். முப்பது வருடம் கருவாட்டு வியாபாரம் பார்த்தவர், இப்போது வாடகைக்குக் கிடங்கு விடுகிறார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவில்லை.

"வாங்க அண்ணாச்சி. நீங்க சொன்னது ஒரே சொல்லு. ஈரம் படக் கூடாது. என் உசுரக் கொடுத்துக் காப்பாத்திருக்கேன், பாருங்க."

இரண்டு பெட்டிகள் சுவரோரம் இருந்தன. மூன்றாவது பெட்டியின் பலகை திறந்து கிடந்தது. உள்ளே கல்லைக் காணோம். முழுக்க முழுக்க உப்பு.

"மூணு நாளைக்கு முன்ன ராத்திரி கூரை ஒழுகிட்டு. அந்த ரெண்டும் தப்பிச்சுட்டு. இது சொதசொதன்னு நனைஞ்சிட்டு. விடுவனா? துணியெல்லாம் அவுத்துப் போட்டுட்டு, கல்ல அம்புட்டையும் கல்லுப்புக்குள்ள பொதைச்சிட்டேன். உப்பு ஈரத்த இழுத்துரும்லா? வாளை மீனுக்கே இழுக்கும், கல்லுக்கு இழுக்காதா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

உப்பு ஈரத்தை இழுத்திருக்கும், உண்மைதான். இழுத்த ஈரத்தில் உப்பே கரைந்து, கல்லைச் சுற்றி உப்புத் தண்ணீராக நின்றிருக்கும். அந்தத் தண்ணீர் துளைக்குள் போயிருக்கும். உள்ளே காய்ந்து உப்பாக அடைத்திருக்கும். எதை அளப்பதற்காக மூவாயிரம் மைல் கொண்டுவந்தோமோ, அந்தத் துளையில் தூத்துக்குடி உப்பு!

இதில் ஒரு வார்த்தையாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து உப்பைக் கையால் விலக்கினேன். அடியில் உப்பு ஈரமாக, கட்டியாக இருந்தது. ஒவ்வொரு கல்லாக எடுத்தேன். கல்லின்மேல் நான் எழுதியிருந்த எண்கள் அழியவில்லை. பதினான்கும் இருந்தன. மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"நல்ல தண்ணி ஒரு குடம் கொண்டாரச் சொல்லுதேன். அலம்பிருவோம்" என்றார் மிக்கேல்.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். இரண்டு பேருமே திடுக்கிட்டோம்.

அலம்பினால் மேலே இருக்கும் உப்பும் கரைந்து இன்னும் உள்ளே போகும். அதையும் விளக்கிச் சொல்லவில்லை. பையிலிருந்து தூரிகையை எடுத்து, காய்ந்த தூரிகையாலேயே ஒவ்வொன்றையும் துடைத்துப் புதுக் காகிதத்தில் சுற்றினேன். சாயங்காலம் வரை ஆனது. மிக்கேல் பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் கிழித்துக் கொடுத்தார். "பச்சப்புள்ளைக்குத் தொட்டில் கட்டுத மாதிரியில்லா கட்டுதிய" என்று சிரித்தார். விடுதிக்குப் போகும் வழியில் பரோட்டாக் கடையில் உட்கார வைத்துச் சால்னா ஊற்றினார். நல்ல சால்னாவாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உப்பு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் குட்டி யானையில் பெட்டிகளை ஏற்றினோம். குட்டி யானை என்பது அந்தச் சின்ன லாரிக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர்தான். மிக்கேல் வரத் தேவையில்லை. "என் பொறுப்புல இருந்த சரக்கு, நானே கொண்டு சேக்கேன்" என்று முன்னால் ஏறிக்கொண்டார். மூன்றாவது பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் தாண்டியதும் சாலையில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. வண்டி நடுத் தண்ணீரில் இருமி, நின்றுவிட்டது.

ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ள போயிட்டு" என்றார்.

"எதுக்குள்ள?" என்று பதறினேன்.

"இஞ்சினுக்குள்ளதான் அண்ணாச்சி. உங்க பொட்டிக்குள்ள இல்ல. மூஞ்சியப் பாரு, ஆள் செத்த மாதிரி!"

எதிர்ப்பக்கம் வந்த டிராக்டர் கயிறு கட்டி இழுத்து ஒரு டீக்கடை முன்னால் விட்டுவிட்டுப் போனது. இஞ்சின் காயும் வரை கருப்பட்டிக் காப்பி குடித்தோம். ஜோர்டானில் வண்டி நின்றால் சுற்றிலும் மணல்தான். இங்கே வண்டி நின்ற இரண்டு நிமிடத்தில் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எட்டுப் பேரும் எட்டு வைத்தியம் சொன்னார்கள். ஒரு அக்கா, கையில் ஆட்டுக்கயிற்றோடு நின்று, ஓட்டுநரிடம் "ஏலே, தள்ளிப் பாத்தியா? தள்ளாமலே தலையச் சொறிஞ்சா ஓடுமா?" என்றார். தள்ளினோம். ஓடியது.

கோமதி மேடம் வாசலுக்கே வந்துவிட்டார். முன்பைவிட மெலிந்திருந்தார், தலை நரைத்திருந்தது. "வாங்க மாதப்பன்! கல்லெல்லாம் பத்திரமா?"

"பத்திரம் மேடம்."

அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மிக்கேலுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் "முத்து போல வச்சிருக்கோம் மேடம்" என்று சேர்ந்து சொன்னார். மேடம் நான் வேலை செய்யும் அறையைக் காட்டினார், வெட்டும் எந்திரத்தைக் காட்டினார், துளை அளக்கும் கருவியைக் காட்டினார். அது ஒரு குளிர்பதனப் பெட்டி உயரம் இருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

கல்லைப் பருப்பு அளவில் உடைத்துக் கண்ணாடிக் குழாயில் போடுவார்கள். சூடாக்கி, உள்ளே இருக்கும் ஈரத்தையும் காற்றையும் உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு கடுங்குளிரில் வைத்து நைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். வாயு துளைகளுக்குள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு போனது என்று ஒரு கோடு. திரும்ப வெளியே எடுக்கும்போது ஒரு கோடு. நேரான துளை என்றால் போன வழியே திரும்பும், இரண்டு கோடும் ஒன்றாகும். வாய் குறுகி வயிறு பெருத்த துளை என்றால் போனது சீக்கிரம் வராது, கோடுகள் பிரிந்து நிற்கும். அந்தக் கோடுகளிலிருந்து கோணல் எவ்வளவு என்று ஓர் எண் எடுப்பார்களாம். இரண்டு என்றால் கண்ணாடி போல வழவழப்பு. மூன்றை நெருங்க நெருங்க உள்ளே ஒரே சிக்கல்.

"உப்புக் கிப்பு ஏதாவது வாயை அடைச்சிருந்தா?" என்று கேட்டேன். கல்லைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அப்புறம் அந்த எண் கல்லோட எண் இல்லை. உப்போட எண். ஆனா கருவி அதையும் அழகாக் கோடு போட்டுக் காட்டும். நமக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

திரும்பும்போது மிக்கேல் தூத்துக்குடி பேக்கரி ஒன்றில் நிறுத்தி மக்ரூன் வாங்கினார். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்டது. கையில் எடுத்தால் கனமே இல்லை. ஒன்றை உடைத்தேன். உள்ளே எத்தனை துளைகள்! பெரிதும் சிறிதுமாக, ஒன்றுக்குள் ஒன்று. ஒரு பாதியைக் காப்பியில் தொட்டேன். காப்பி சரசரவென்று மேலே ஏறியது.

"மிக்கேல் அண்ணா, அந்தக் கல்லும் இப்படித்தான்" என்றேன். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். பிறகு, "அப்ப நான் வாளை மீனுக்குச் செஞ்சத கல்லுக்குச் செஞ்சு அதக் கெடுத்துப்புட்டேன்" என்றார்.

"நான் சொல்லியிருக்கணும்."

"நீங்க சொல்லல, நான் கேக்கல. அது போவட்டும். இன்னைக்கு அந்தம்மா கேட்டப்ப பத்திரம்னு ஏன் சொன்னிய? வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?"



மூன்றாம் நாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது மேடம் வெள்ளைக் கோட்டு போட்டு, கையுறை மாட்டி நின்றார். மேசையில் ஒன்பதாம் எண் கல். பக்கத்தில் சின்ன உடைக்கும் உரல். ஒரு மூலையை உடைத்துக் குழாயில் போட்டு, சூடேற்ற வைக்கப் போகிறார். உடைத்துவிட்டால் எது மேல்தோல், எது உள்கல் என்று பிரிக்க முடியாது. எல்லாம் கலந்துவிடும்.

அவர் உலக்கையை எடுத்தார். நான் உரலின் மேல் கையை வைத்து மூடினேன்.

"மேடம், வேண்டாம். இந்தக் கல் மூன்று நாள் உப்பில் கிடந்தது. பதினான்கும் கிடந்தன. நேற்று நான் பொய் சொன்னேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் உலக்கையைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே மழை. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் திரும்பி, "எவ்வளவு ஆழம் போயிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் கருத்துக் கேட்டார் என்பதே எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின.

"அறுத்துப் பார்த்தால் தெரியும் மேடம். ஆனால் தண்ணீர் விடாமல் அறுக்கணும்."

கல் அறுக்கும் எந்திரங்கள் எல்லாம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அறுப்பவை. இல்லாவிட்டால் வாள் சூடேறும், தூள் அடைக்கும். இங்கே தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து இடம் மாறும். எண்ணெய் விட்டால் எண்ணெய் இறங்கும். மிச்சம் இருப்பது காற்று. தூளையும் சூட்டையும் விடாமல் ஊதித் தள்ள அழுத்தக் காற்று வேண்டும். மேடத்தின் கூடத்தில் கம்ப்ரசர் இல்லை. நகரத்தில் கேட்டால் வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்ப்ரசர்தான் கிடைத்தது. அதில் எண்ணெய்ப் புகை வரும்.

மிக்கேலுக்குப் போன் செய்தேன். நானாகவே செய்தேன்.

மதியத்துக்குள் அவர் வந்துவிட்டார். பின்னால் ஒரு சரக்கு ஆட்டோவில் தார்ப்பாய் போர்த்திய கம்ப்ரசர். அவருடைய மச்சான் சங்கு குளிக்கிறவர். மழைக்குக் கடல் இறங்கவில்லை, கம்ப்ரசர் வீட்டில் சும்மா கிடந்திருக்கிறது. கடலுக்கு அடியில் இருக்கிறவருக்கு மேலிருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்புவது.

மேடம் தயங்கினார். "இதுல எண்ணெய் கலந்து வராதா?"

மிக்கேல் இடுப்பில் கை வைத்தார். "மேடம், இது எங்க தங்கச்சி மாப்பிள்ள சுவாசிக்க காத்து. அடிக்கடல்ல, மூணு மணி நேரம். மனுசன் நெஞ்சுக்குள்ள போற காத்து, கல்லுக்கு ஆவாதா?"

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. நடுவில் ஒரு வடிகட்டி மாட்டி, வெள்ளைக் காகிதத்தில் பத்து நிமிடம் காற்றை ஊத விட்டுப் பார்த்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மிக்கேல் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மச்சான்கிட்ட காட்டணும். அவன் நுரையீரலுக்குச் சர்ட்டிபிகேட்டு."

அறுக்கத் தொடங்கினேன். மிக மெல்லிய வைர வாள். அவசரப்படக் கூடாது. வாளைக் கல்லின்மேல் அழுத்தாமல், தன் கனத்துக்கே இறங்க விட வேண்டும். மிக்கேல் காற்றுக் குழாயைப் பிடித்தார். "கொஞ்சம் கீழே... இன்னும்... அப்படியே" என்று நான் சொல்லச் சொல்ல அசையாமல் பிடித்தார். எண்ணெய்ப் பாறை அறுபடும்போது மண்ணெண்ணெயும் பழைய டயரும் சேர்ந்த ஒரு வாசம் வரும். எனக்கு அது வேலை வாசம். மிக்கேல் மூக்கைச் சுளித்து, "என் கருவாட்டுக்கே பேசுன சனம் இதுக்கு என்ன பேசும்?" என்றார்.

கல் இரண்டாகப் பிரிந்தது. அறுத்த முகம் உலர்ந்து பளபளத்தது. அன்று அவ்வளவுதான் முடிந்தது.

நான்காம் நாள்தான் சோதனை. அறுத்த முகத்தில், வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, நகத்தின் கனத்துக்கு ஒரு கோடாகச் சுரண்டினேன். முதல் கோட்டுத் தூள் ஒரு குழாயில். அடுத்த கோட்டுத் தூள் அடுத்த குழாயில். இப்படி ஆறு குழாய். மெழுகுப் பெட்டியிலிருந்து எடுத்த, உப்பே பார்க்காத கல்லின் தூள் ஏழாவதில். மேடம் எல்லாவற்றிலும் சுத்தமான தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் வேறு குழாய்களுக்கு மாற்றினார். அதில் ஒரு சொட்டு அமிலம். பிறகு வெள்ளி கலந்த ஒரு மருந்து. உப்பு இருந்தால் தண்ணீர் பால் போல ஆகிவிடும்.

"பார்க்க மாட்டேன்" என்று மிக்கேல் வாசல் பக்கம் திரும்பி நின்றார்.

முதல் குழாயில் சொட்டு விழுந்தது. பால். கெட்டியான பால்.

இரண்டாவது. பால்தான், கொஞ்சம் தண்ணீர் கலந்த பால். ஆழமாகப் போயிருக்கிறது.

மூன்றாவது. சொட்டு விழுந்த இடத்தில் சாம்பிராணிப் புகை மாதிரி ஓர் இழை. சுழன்று, பரவி நின்றது.

நான்காவது. சொட்டு விழுந்தது. ஒன்றும் இல்லை. மேடம் குழாயைக் கறுப்புக் காகிதத்தின் முன்னால் பிடித்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

ஐந்து, தெளிவு. ஆறு, தெளிவு. ஏழு, உப்புப் பார்க்காத கல், அதுவும் அப்படியே. நான்காவதையும் ஏழாவதையும் மாற்றி மாற்றிப் பிடித்துக் காட்டினார். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"அண்ணாச்சி, செத்தோமா பொழைச்சோமா?" என்று முதுகு காட்டியபடியே மிக்கேல் கேட்டார்.

"திரும்பிப் பாருங்க அண்ணா."

மூன்று நகக் கனம். அவ்வளவுதான் உப்பு போயிருந்தது. ஏன் என்று மேடம் பிறகு சொன்னார். கல்லுக்குள் இருக்கும் எண்ணெய்ச் சத்துக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. துளைகளும் ஊசி நுழையாத குறுகல், அதிலும் நூறு திருப்பம், நூறு முட்டுச்சந்து. மூன்று நாள் உப்புத் தண்ணீர் அந்தச் சந்துகளில் தட்டுத்தடுமாறித் தோலோடு நின்றுவிட்டது. "நேர்த் துளையா இருந்திருந்தா நடு வரைக்கும் போயிருக்கும். சிக்கல்தான் காப்பாத்துச்சு" என்றார். ஒன்பதில் கண்டது மற்றவற்றுக்கும் பொருந்துமா என்று பார்க்காமல் விடக் கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் அதேபோல அறுத்தோம். ஒரு கல்லில் மட்டும் விரிசல் வழியே ஒரு பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தை ஒதுக்கினோம். மறுபக்கமே போதுமானதாக இருந்தது.

அடுத்த நான்கு நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அறுத்தேன். நாலு பக்கமும் ஐந்து நகக் கனம் கழித்து, உள்கல்லை மட்டும் எடுத்தேன். பதினாறு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக வேலை செய்ததில்லை. பாட்டுக்கூடப் பாடினேன் என்று மேடம் சொன்னார். எனக்கு நினைவில்லை. மதியம் பக்கத்து மெஸ்ஸில் பாறை மீன் குழம்பு. முதல் நாள் சால்னாவுக்குச் சேர்த்துச் சாப்பிட்டேன். பரிமாறிய அம்மா, "ஏ அண்ணாச்சி, சோறு இருக்கு, பதறாமச் சாப்பிடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மிக்கேல் என்னை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். வாசலில் ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கினார்.

"எத்தன?" என்று கேட்டேன்.

"பதினாலு. கல்லுக்கு ஒண்ணு. அன்னைக்கு மக்ரூன் திங்கையிலேயே நேந்துக்கிட்டேன்."

"ஒண்ணுல பாதி போச்சே அண்ணா."

"அதுக்குன்னு பதிமூணரையா கொளுத்த முடியும்? மாதாகிட்ட சில்லறை கேக்கியளா?"

பதினான்கும் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெழுகு உருகும் வாசம் எனக்குப் பெட்டி கட்டும் வாசமாக இருந்தது. வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கடற்கரையில் வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மச்சானும் அங்கே இருந்தார். கம்ப்ரசரைத் திரும்பக் கொடுத்ததற்கு அவர் எனக்கு நன்றி சொன்னார். நான் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டதால் நான் சிரித்து மட்டும் வைத்தேன்.

கருவியில் முதல் கல் ஏறியது. திரையில் கோடு மெல்ல மேலே போனது. மறுநாள், வாயு திரும்பி வரும் கோடு அதைவிட்டு விலகி, வயிறு வைத்துக் கீழே இறங்கியது. வாய் குறுகி வயிறு பெருத்த துளைகள். எண் மூன்றின் பக்கம் சாய்ந்திருந்தது. மெழுகுப் பெட்டிக் கல்லோடு ஒப்பிட்டால் இன்னும் சிக்கலானது. அபூ காலித் எதிர்பார்த்ததும் அதுதான் என்று மேடம் சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மேடம் தொலைபேசியை என் முன்னால் வைத்தார். "முடிவை நான் மின்னஞ்சல்ல அனுப்பிட்டேன். உப்பைப் பத்தி எழுதலை. நீங்க சொல்ல விரும்பலைன்னா அறிக்கையில் ஒரு வரியா நான் எழுதிக்கிறேன். அது உங்க பேர் இல்லாமலும் எழுதலாம்."

கல் காப்பாற்றப்பட்டாகிவிட்டது. யாருக்கும் நட்டமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் வெளியே வராது. அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் நாளைக்கு வேறொருவர் அந்த ஒரு வரியைப் படிக்காமல், நாங்கள் ஒதுக்கிவைத்த ஓரத்துண்டை எடுத்துக் கருவியில் போட்டால்? கருவி அதையும் அழகாகக் கோடு போடும்.

எண்ணை அழுத்தினேன். அபூ காலித் எடுத்தார். எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். கல் நனைந்தது, உப்பில் கிடந்தது, கிடங்குக்காரர் நல்ல மனிதர், சொல்ல வேண்டியதைச் சொல்லாதது நான், முதலில் பொய்யும் சொன்னேன், இப்போது பதினான்கும் அறுத்துச் சுத்தமாக இருக்கின்றன.



"எத்தனை நாள் உப்பில் இருந்தது?" என்றார்.

"மூன்று."

"என் அம்மா ஒவ்வொரு வருடமும் ஆலிவ் காயை உப்பில் போடுவாள்" என்றார். "தட்டி உடைத்த காயில் சில நாளிலேயே உப்பு ஏறும். உடைக்காத காய்க்கு மாதக்கணக்கில் ஆகும். என் கல் உடைக்காத காய் என்று நீ உப்புப் போட்டே நிரூபித்திருக்கிறாய். இந்தச் சோதனையை நான் கேட்டிருந்தால் அந்தப் படித்த பையன்கள் யாரும் செய்திருக்க மாட்டார்கள்." அப்புறம் குரல் மாறியது. "ஆனால் மாது, அடுத்த முறை முதல் நாளே கூப்பிடு."

"சரி" என்றேன். அரபியில் சரி என்பதற்கு எனக்கு மூன்று சொல் தெரியும். மூன்றையும் சொன்னேன்.

போனை வைத்ததும் மேடம் டீ போட்டார். நான் உட்காராமல், நேராக மேசைக்குப் போய், ஓரத்துண்டுகளைத் தனிப் பெட்டியில் அடுக்கி, மேலே சிவப்பு மையில் "உப்பில் கிடந்தவை" என்று எழுதி ஒட்டினேன். பிறகுதான் டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அம்மான்,
கார்த்திகை பதினொன்று, வெள்ளிக்கிழமை.